சமத்துவபுரச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு தெரிந்தவர்கள் தேவை

வணக்கம் நண்பர்களே. கிருஷ்ணகிரி அருகே ஒரு சமத்துவபுரத்தில் மூன்று மாதம் தங்கி, அங்கு வாழும் மக்களோடு சேர்ந்து சுவரோவியம் செய்ய வந்திருக்கிறேன். பல சாதியினரும் பக்கம் பக்கமாக வாழட்டும் என்று 1990களின் இறுதியில் தொடங்கிய திட்டம், ஊருக்கு நூறு வீடுகள். அந்த அண்டை வாழ்க்கையைத்தான் அவர்கள் கையாலேயே வரைய நினைத்தேன்.

முதல் வாரமே ஒரு பாட்டி கேட்டார்: "படம் இருக்கட்டும் சாமி, மழைக்கு ஒழுகுதே, அதுக்கு என்ன வழி?" அந்தக் கேள்வியைத் தாண்டி என்னால் தூரிகையை எடுக்க முடியவில்லை. முதலில் ஓர் ஏழெட்டு வீடுகளின் மேல்தளத்தையும் சுவரையும் சரிசெய்துவிட்டுத்தான் வரைவது என்று முடிவெடுத்திருக்கிறேன்.

எனவே, கடுக்காய் ஊறிய நீரில் சுண்ணாம்பு குழைத்து, செங்கல் ஜல்லித் தளம் போடத் தெரிந்த மூத்த கொத்தனார் யாராவது தருமபுரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் இருக்கிறாரா? நியாயமான கூலி உண்டு. கற்றுக்கொள்ள நான்கு இளைஞர்கள் காத்திருக்கிறார்கள். நீர் ஊற்றி நன்கு நீற்றிய சுண்ணாம்பு எங்கே கிடைக்கும் என்பதும் தெரிய வேண்டும். கடையில் வாங்கிய தூள் இரண்டே நாளில் உதிர்ந்துவிட்டது.

வண்ணத்துக்குக் காவியும் செம்மண்ணும் போதும், அவை சுண்ணாம்பில் மங்குவதில்லை. பர்கூர் அருகே மல்லப்பாடிப் பாறையில் பழங்கால மக்கள் வெள்ளை நிறத்தில் தீட்டிய குதிரை வீரர்கள் இன்றும் நிற்கிறார்கள். பிள்ளைகளை அங்கே அழைத்துப்போக வழி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரும் துணைக்கு வந்தால் மகிழ்வேன்.

இந்த ஊருக்குக் குடிவந்த நாளின் பழைய புகைப்படம் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து தனிச்செய்தியில் அனுப்புங்கள். மழைக்காலம் நெருங்குகிறது.