ஸ்ட்ரீமர் பாதியில் நின்றுவிடுகிறது, மின்புலம் மட்டும் ஏறுகிறது: உதவி தேவை

தேன்சிட்டு: அவசரம். காற்றில் ஊசி–தட்டு மின்னிறக்கம், அச்சுச் சமச்சீர் பாய்ம மாதிரி (எலக்ட்ரான்களைத் தனித்தனியாக அல்லாமல் அடர்த்தியாகக் கொள்வது), நிரல் நானே எழுதியது. ஸ்ட்ரீமர், அதாவது மின்னிறக்கத்தின் மெல்லிய அயனியாக்க இழை, சற்றுத் தூரம் ஓடி நின்றுவிடுகிறது. அதன் முனையில் சென்டிமீட்டருக்கு 150 கிலோவோல்ட்டாக இருந்த மின்புலம் 400ஐத் தாண்டிவிட்டது. காலப்படி (கணிப்பு ஒரு தடவையில் முன்னேறும் நேரம்) சுருங்கிச் சுருங்கி நிரல் நகரவே இல்லை. எங்கே பிழை?

கார்முகில்: ஊசி நேர்மின்வாயா, எதிர்மின்வாயா? அழுத்தம் எவ்வளவு? கணிப்புக் கட்டத்தின் அளவு? தொடக்க எலக்ட்ரான் அடர்த்தி?

வலைக்கண்: கட்டம்தான் காரணம். வளிமண்டல அழுத்தத்தில் முனையின் மின்னூட்டப் படலம் சில பத்து மைக்ரோமீட்டர்தான். 10 மைக்ரோமீட்டர் கட்டத்தில் அது கரைந்துபோகும். முதலில் 3க்கு இறக்குங்கள்.

பிக்கோநொடி: மின்காப்புத் தளர்வு நேரத்தைப் பாருங்கள்; மின்னூட்டச் சமநிலை குலைந்தால் சரியாக எடுக்கும் நேரம் அது, காலப்படி அதைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். கனமீட்டருக்கு 10²⁰ எலக்ட்ரான் இருந்தால் அது சுமார் 14 பிக்கோநொடி, 10²¹ என்றால் அதிலும் பத்தில் ஒரு பங்கு. மின்புலத்தைத் தரும் பாய்சான் சமன்பாட்டை அரை உட்கிடை முறையில் (அடுத்த படியின் மின்னூட்டத்தை முன்கூட்டியே கணித்து) தீர்த்தால் இந்தக் கட்டுப்பாடு விலகும்.

மூத்தமின்னி: காலப்படி சுருங்குவது அறிகுறி, நீங்கள் அதற்கு மருந்து தருகிறீர்கள். கேட்டவரும் அடிப்படையைப் படித்துவிட்டு நிரல் எழுதியிருக்கலாம். கார்முகில் கேட்டதற்குப் பதில் வரட்டும்.

தேன்சிட்டு: மன்னிக்கவும். ஊசி நேர்மின்வாய், வளிமண்டல அழுத்தம், கட்டம் 3 மைக்ரோமீட்டர். ஊசி முனையருகே மட்டும் விதை எலக்ட்ரான்கள், மற்ற இடமெல்லாம் பூஜ்ஜியம்.

மூத்தமின்னி: அந்தப் பூஜ்ஜியம்தான் பிழை. நேர் ஸ்ட்ரீமர் எலக்ட்ரான் ஓடும் திசைக்கு எதிராக முன்னேறுகிறது. முன்னால் எலக்ட்ரான் இல்லாவிட்டால் எதைப் பெருக்கும்? விதை தீர்ந்த இடத்தில் நின்றிருக்கிறது. காற்றில் கிளர்ந்த நைட்ரஜன் உமிழும் 98 முதல் 102.5 நானோமீட்டர் ஒளி ஆக்சிஜனை அயனியாக்கி அந்த எலக்ட்ரான்களைத் தருகிறது. ஒளி அயனியாக்கத்தைச் சேருங்கள். அதற்கான ஷெலெஸ்னியாக் மாதிரியின் தொகையீட்டை மூன்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் வகைக்கெழுச் சமன்பாடுகளாக்கித் தீர்த்தால் செலவும் குறைவு. தணிப்பு அழுத்தம் (மோதல்கள் அந்த ஒளி உமிழ்வைப் பாதியாக்கும் அழுத்தம்) 30 டார் என்பதை மறக்காதீர்கள்.

வலைக்கண்: இவ்வளவு எதற்கு? எங்கும் கனமீட்டருக்கு 10¹³ எலக்ட்ரான் பின்னணி அடர்த்தி வைத்தால் ஓடிவிடும்.

மூத்தமின்னி: ஓடும். ஆனால் அது முந்தைய மின்னழுத்தத் துடிப்புகள் அயனிகளை விட்டுச்சென்ற காற்று. இவருடையது முதல் துடிப்பா என்று கேட்டீர்களா?

வலைக்கண்: நீங்களும் கேட்கவில்லையே.

கார்முகில்: இருவருக்கும் ஒன்று. இயற்கையான பின்னணி கனமீட்டருக்கு 10⁹ என்று கொண்டால் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஓர் எலக்ட்ரான். பாய்ம மாதிரி அதைத் துண்டுகளாக்கி எல்லாக் கட்டத்திலும் பரப்பிவிடுகிறது. ஸ்ட்ரீமர் கிளைப்பதைப் பார்க்க வேண்டுமானால் எலக்ட்ரான்கள் தற்செயலாகத் தோன்றுவதையும் கணக்கில் கொள்ளும் மாதிரி வேண்டும்.

பிக்கோநொடி: கிளைப்பு இங்கே கேள்வியே இல்லை. அச்சுச் சமச்சீரில் கிளை எப்படி வரும்?

தேன்சிட்டு: மூன்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் சமன்பாடுகளைச் சேர்த்தேன். ஸ்ட்ரீமர் தட்டைத் தொட்டுவிட்டது, வழியில் மின்புலம் 140ஐ ஒட்டியே நின்றது. எல்லோருக்கும் நன்றி.

கார்முகில்: மகிழ்ச்சி. அந்தச் சமன்பாடுகளுக்கு எல்லை நிபந்தனை என்ன வைத்தீர்கள்? ஊசி அருகே பூஜ்ஜியமா?