டயரில் காற்றை முழுக்க ஏற்றினால் சைக்கிள் வேகமாகப் போகுமா?

நெடும்பாதை:
25 மி.மீ. அகல டயரின் பக்கவாட்டில் அதிகபட்சம் 120 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) என்று அச்சிட்டிருந்தால், அதை ஒட்டியே காற்று அடிக்க வேண்டும் என்பது என் கருத்து. சுழலும் டயர் தரையைத் தொடும் இடத்தில் நசுங்கி மீள்கிறது. நசுங்கும்போது வாங்கிய ஆற்றலை ரப்பர் முழுவதும் திருப்பித் தராததால், ஒரு பங்கு வெப்பமாக வீணாகிறது. பின்சக்கரத்தில் 45 கிலோ இறங்கினால், தரையைத் தொடும் பரப்பு 100 பிஎஸ்ஐயில் ஏறத்தாழ 6.4 சதுர செ.மீ.; 60 பிஎஸ்ஐயில் அது 10.7 ஆகிவிடுகிறது. இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

கற்தெரு:
நண்பரே, உங்கள் கணக்கு சோதனைக்கூடத்தின் வழுவழுப்பான எஃகு உருளைக்கும், மரப்பலகை பாவிய பந்தயத் தடத்திற்கும் பொருந்தும். ஜல்லி துருத்தி நிற்கும் தார்ச்சாலையில், இறுகிய டயர் சிறு மேட்டைத் தன்னுள் வாங்கிக்கொள்ளாமல் சைக்கிளையும் ஓட்டுபவரையும் சேர்த்தே தூக்கிப் போடுகிறது. அந்த அதிர்வு தொடையிலும் தோளிலும் அடங்கும்போது கரைவது நாம் மிதித்துச் சேர்த்த ஆற்றல்தான். ஆகவே காற்றைக் கூட்டக் கூட எதிர்ப்பு ஓர் எல்லைவரை குறைந்து, பிறகு ஏறத் தொடங்குகிறது. பிரான்ஸில் நடக்கும் பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தில் ஏறக்குறைய 55 கிலோமீட்டர் கல் பாவிய பாதை. வெல்லவே வருகிறவர்கள் அங்கே அகலமான டயரில் குறைந்த காற்றோடு ஓட்டுவது சொகுசுக்காகவா?

நெடும்பாதை:
ரூபேயை எடுத்ததால் ஒன்றை நினைவூட்டுகிறேன். 2023 பந்தயத்தில் சிலர் ஓட்டத்தின் நடுவிலேயே டயரின் அழுத்தத்தை மாற்றும் கருவியைச் சக்கர அச்சில் பொருத்தியிருந்தார்கள்: கல்லுக்குக் குறைக்கவும், தாருக்குக் கூட்டவும். தாரில் கூடுதல் காற்றே நல்லது என்பதற்கு அதுவே சாட்சி அல்லவா? தவிரவும், காற்று குறைந்த டயர் குழியில் இறங்கினால், ரிம்முக்கும் குழியின் விளிம்புக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு ஓட்டைகள் விழும். பஞ்சர் ஒட்டும் நேரத்தில் எந்த வேகத்தைக் கணக்கிடுவது?

முன்சக்கரம்:
அகலத்தை விட்டுவிட்டு அழுத்தத்தை மட்டும் பேசுகிறீர்கள். ஒரே அழுத்தத்தில் அகலமான டயர் தரையைக் குறுகிய நீளத்தில் தொடுவதால் குறைவாகவே வளைகிறது. 28 மி.மீ. டயரில் 75 பிஎஸ்ஐ வைத்தால், குழியைத் தாங்கவும் இடமிருக்கிறது. அத்துடன், டயரின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி விளிம்பு இல்லாத ரிம்களுக்கு உச்சவரம்பே 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐதான், டயரில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பி அடித்தால் டயர் கழன்றுவிடலாம்.

கற்தெரு:
தாரில் கூட்டுகிறார்கள் என்பது உண்மைதான். அதனால் 120 வரை ஏற்ற வேண்டும் என்று ஆகிவிடாது. இறுகிய டயரில் கைப்பிடி படபடப்பதை மனம் வேகமாக எடுத்துக்கொள்கிறது என்பதால், உடல் சொல்வதை இங்கே நம்ப முடியாது. மிதிக்காமல் ஒரே சரிவில், ஒரே இருக்கை நிலையில், 120, 95, 75 என்று மாற்றி மாற்றி உருண்டு பாருங்கள். எந்த அளவில் அதிக தூரம் போகிறது என்று தெரிந்துவிடும்.

நெடும்பாதை:
காற்று வீசாத விடியற்காலையில், மெதுவான வேகத்தில், ஒரே பம்பின் அளவுமானியை வைத்துச் செய்தால் அந்தச் சோதனையை ஏற்கிறேன். எதிர்க்காற்று சற்றே மாறினாலும் நாம் தேடும் வேறுபாடு அதில் மறைந்துவிடும். புதிதாகத் தார் போட்ட சாலையையும் பழைய சாலையையும் தனித்தனியே பார்க்க வேண்டும். புதிய சாலையில் 95 வென்றால் மட்டுமே நான் மேற்கொண்டு பேசுவேன்.