மோட்டோஜிபியில் ஆகப் பெரிய ரைடர்: எந்தக் கணக்கை நம்பலாம்?

நீள்வளைவு (கேள்வி):

2025 செப்டம்பர்ல ஜப்பானோட மோட்டேகியில மார்க் மார்க்கெஸ் மோட்டோஜிபி (உலக பைக் பந்தயத்தோட உச்ச வகுப்பு) பட்டத்தை உறுதி பண்ணினதும் வாலன்டினோ ரோஸிக்கும் அவருக்கும் ஆளுக்கு 9 உலகப் பட்டம்னு சமமாயிடுச்சு. அதுல இருந்து எங்க போனாலும் இவரா அவரான்னுதான் பேச்சு. ஒருத்தர் பட்டத்தை எண்ணுறார், இன்னொருத்தர் வெற்றியை எண்ணுறார், மூணாவது ஆள் சதவீதத்தைத் தூக்கிட்டு வர்றார். பட்டம்தான் கணக்குன்னா 15 பட்டம் வச்சிருக்கிற ஜியாகோமோ அகோஸ்தினிதான் முதல்ல நிக்கணும். அடுத்து 13 பட்டத்தோட ஆங்கெல் நியேட்டோ. ஆனா நியேட்டோவோட பதிமூணுமே 50 சிசி, 125 சிசி வகுப்புல வந்தது.

யார் பெரியவர்ங்கிற தீர்ப்பு எனக்கு வேண்டாம், அளக்கிற முறைதான் வேணும். சின்ன வகுப்புப் பட்டங்களை எப்படிச் சேர்க்கிறது? வெற்றி சதவீதத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்? பைக்கோட பங்கு எது, ஆளோட பங்கு எதுன்னு எப்படிப் பிரிக்கிறது? கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம்.

நாலாம்கியர்:

சதவீதத்துல இருந்து ஆரம்பிக்கிறேன், அதிகம் தப்பா பயன்படுத்தறது அதைத்தான்.

ரோஸி பெரிய வகுப்புல (முன்னாடி 500 சிசி, 2002-லிருந்து மோட்டோஜிபி) 372 பந்தயம் ஓட்டி 89 ஜெயிச்சிருக்கார். வகுத்தா 24 சதவீதம். இந்த ஒரு எண்ணை வச்சு அவரைக் கீழ இறக்குறவங்க நிறைய பேர். 2009 முடிவுல ஒரு கோடு போட்டுப் பாருங்க. 2000-லிருந்து 2009 வரை 167 பந்தயம், 77 வெற்றி, அதாவது 46 சதவீதம். 2010-லிருந்து 2021 வரை 205 பந்தயம், 12 வெற்றி, 6 சதவீதம்கூட இல்லை. ஒரே ஆள்தான். 42 வயசு வரைக்கும் ஓட்டினதுக்காக அவரோட முதல் பத்து வருஷத்தைக் குறைக்க முடியாது. 27 வயசுலயே விலகின கேசி ஸ்டோனருக்கு அந்த இறங்குமுகமே வரலை, அதனால அவரோட சதவீதம் அழகா நிக்குது. மொத்த வாழ்க்கைக்கு ஒரே சதவீதம் போட்டா, நீங்க அளக்கிறது பெரும்பாலும் அவர் எப்ப விலகினார்ங்கிறதைத்தான்.

அதனால முதல்ல துண்டு போடுங்க. பைக் மாறின இடம், பெரிய காயம் பட்ட இடம், முக்கியமான எதிராளி வந்த இடம், போன இடம். ஒவ்வொரு துண்டுக்கும் தனியா கணக்கு.

அகோஸ்தினிக்கு இதைச் செஞ்சா படமே மாறிடும். 122 வெற்றி, 15 பட்டம்னு மொத்தமா சொல்றது ஒண்ணு. 1967 முடிவுல ஹோண்டா விலகின பிறகு 500 சிசியில அவர் ஓட்டின எம்வி அகுஸ்தாவுக்கு ஈடான பைக்கே இல்லைங்கிறது இன்னொண்ணு. 1968-ல 500 சிசியில 10-க்கு 10, 350 சிசியில 7-க்கு 7 ஜெயிச்சார். ஓட்டினதுல குறை இல்லை, எதிர்ல ஆள் இல்லை. அதுக்கு முந்தின வருஷத்தைப் பாருங்க. 1967-ல ஹோண்டாவுல மைக் ஹெயில்வுட். ஆளுக்கு 5 வெற்றி. அப்ப 8-6-4-3-2-1 பாயிண்ட், சிறந்த 6 முடிவு மட்டும் கணக்கு. ரெண்டு பேரும் 46-ல நின்னாங்க. அகோஸ்தினிக்கு மூணு இரண்டாமிடம், ஹெயில்வுட்டுக்கு ரெண்டு. பட்டம் அதுலதான் முடிவாச்சு.

அந்த வருஷத்து ஐல் ஆஃப் மேன் சீனியர் டிடி (பொதுச் சாலையில நடக்கிற பந்தயம், அப்ப உலகப் போட்டியோட ஒரு சுற்று) ஒண்ணு போதும் இவங்க ரெண்டு பேரையும் புரிஞ்சுக்க. ஒரு லேப் 60 கிலோமீட்டர் சொச்சம், ரெண்டு பக்கமும் வீடும் கல்சுவரும். ஹெயில்வுட்டோட ஆக்சிலேட்டர் கைப்பிடி கழண்டு ஆடிக்கிட்டு இருந்தது. அந்தப் பந்தயத்துல மணிக்கு 108.77 மைல் சராசரியில ஒரு லேப் போட்டார், கிட்டத்தட்ட 175 கிலோமீட்டர். அந்த லேப் ரெக்கார்ட் 1975 வரை நின்னது. முன்னால போய்க்கிட்டிருந்த அகோஸ்தினிக்கு ஐந்தாவது லேப்ல செயின் அறுந்தது. முடிவுப் பட்டியல்ல ஒருத்தருக்கு வெற்றி, இன்னொருத்தருக்கு ஒண்ணுமில்லை. அன்னைக்கு ரெண்டு பேரும் ஓட்டின ஓட்டத்தை அந்தப் பட்டியல் காட்டாது.

அகோஸ்தினியோட 15-ல எனக்கு அதிக எடையுள்ளது 1975 பட்டம். எம்வியை விட்டுட்டு டூ ஸ்ட்ரோக் யமஹாவுக்குப் போய், எம்வியில இருந்த ஃபில் ரீடைத் தோற்கடிச்சு எடுத்தது. 500 சிசியில டூ ஸ்ட்ரோக்குக்கு அதுதான் முதல் பட்டம்.

ஈரத்தடம்:

பைக்கையும் ஆளையும் பிரிக்க ரெண்டு உரைகல் இருக்கு. ஒன்று டீம்மேட், மற்றது பைக் மாற்றம். ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் ரெண்டுமே ஏமாற்றும்.

டீம்மேட் கணக்குக்கு ஸ்டோனரை எடுத்துக்கொள்வோம். 2007-ல் டுகாட்டியில் 10 வெற்றி, 367 பாயிண்ட், பட்டம். அதே கராஜில் லோரிஸ் கபிரோஸி 1 வெற்றி, ஏழாமிடம். நேர்கோட்டில் டுகாட்டி பறந்ததால்தான் ஜெயித்தார் என்று அப்போது சொன்னார்கள். ஆனால் அந்த வேகம் கபிரோஸிக்கும் இருந்ததே. அவர் ஒன்றும் சாதாரண ஆளில்லை, 2006-ல் 990 சிசி டுகாட்டியில் 3 பந்தயம் ஜெயித்து மூன்றாமிடம் வந்தவர். 2008-ல் கபிரோஸி இடத்துக்கு மார்கோ மெலான்ட்ரி வந்தார். ஸ்டோனர் 6 வெற்றியோடு இரண்டாமிடம், மெலான்ட்ரி 17-ஆமிடம். 2009-ல் வந்தவர் 2006-இன் உலகச் சாம்பியன் நிக்கி ஹேடன். அவர் 13-ஆமிடம். ஸ்டோனர் உடல்நிலை காரணமாக 3 பந்தயம் ஓட்டாமலே 4 வெற்றி. மூன்று வருஷம், மூன்று நல்ல டீம்மேட்கள், ஒரே திசையில் விடை.

2011-ல் ஸ்டோனர் ஹோண்டாவுக்குப் போனார், அந்த வருஷமே 10 வெற்றி, பட்டம். அவர் விட்ட டுகாட்டியில் ரோஸி ஏறினார். ரெண்டு சீசனில் 3 போடியம் (முதல் மூன்று இடங்களில் ஒன்று), வெற்றி இல்லை. 2010-ல் ஆஸ்திரேலியாவின் ஃபிலிப் ஐலண்டில் ஸ்டோனர் ஜெயித்த பிறகு டுகாட்டியின் அடுத்த வெற்றி 2016 ஆஸ்திரியாவில்தான் வந்தது.

இங்கேதான் நிதானம் வேண்டும். 'ரோஸியால் முடியாததை ஸ்டோனர் செய்தார்' என்று உடனே எழுதிவிடக் கூடாது. 2007-ல் டயர் போட்டி இருந்தது, பிரிட்ஜ்ஸ்டோன் டுகாட்டியோடு சேர்ந்தே வளர்ந்த டயர். 2009-லிருந்து எல்லோருக்கும் ஒரே டயர், ஒரு பைக்குக்காகச் செய்து தர மாட்டார்கள். சேஸிஸும் (பைக்கின் எலும்புக்கூடு) மாறிவிட்டது. 2008 வரை குழாய்ச் சட்டம், பிறகு கார்பன் ஃபைபர், 2012-ல் அலுமினியம். எஞ்சின் 90 டிகிரி வி-அமைப்பு, முன்னும் பின்னும் நீளம் பிடிக்கும். முன்சக்கரத்துக்கு வேண்டிய எடையைக் கொண்டுபோக இடமில்லாமல் திணறினார்கள். வளைவுக்குள் நுழையும்போது முன்டயர் என்ன செய்கிறது என்று கைக்குத் தெரியாத பைக் அது. பிரேக்கைப் பிடித்தபடியே முன்டயரை நம்பி உள்ளே போவது ரோஸியின் பாணி. ஸ்டோனர் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு, ஆக்சிலேட்டரால் பைக்கைத் திருப்புவார். ஃபிலிப் ஐலண்டின் மூன்றாம் வளைவு, இன்று அவர் பெயரிலேயே இருக்கும் இடது வளைவு, அதைப் பாருங்கள். பின்டயர் கறுப்புக் கோடு போட்டபடி வழுக்கும், முன்சக்கரம் வலப்பக்கம் திரும்பியிருக்கும், கை ஆக்சிலேட்டரை மூடாது. முன்பக்கம் ஊமையான பைக்கில் அந்தப் பாணி வேலை செய்தது. ஆகவே அந்த டுகாட்டி ஸ்டோனர் யார் என்று சொல்கிறது, ரோஸியின் எல்லை எங்கே என்றும் சொல்கிறது. ஆனால் ரோஸியின் மொத்த அளவு அதில் இல்லை.

அதற்கு 2004-ஐப் பாருங்கள். 2003-ல் யமஹாவுக்கு ஒரு வெற்றிகூட இல்லை, ஒரே ஒரு போடியம், அதுவும் மூன்றாமிடம். பட்டம் வென்ற ஹோண்டாவை விட்டு ரோஸி அங்கே போனார். தென்னாப்பிரிக்காவின் வெல்காமில் முதல் பந்தயத்திலேயே ஹோண்டாவில் ஓட்டிய மேக்ஸ் பியாஜியை 0.210 வினாடியில் முந்தினார். 16-ல் 9 வெற்றி, பட்டம். அந்த வருஷம் வேறெந்த யமஹா ரைடரும் ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை. ஹோண்டாவிலிருந்து தன் தலைமை மெக்கானிக் ஜெரமி பர்ஜெஸ்ஸையும் மெக்கானிக்குகளையும் கூட்டிப்போனார், யமஹா பொறியாளர் மசாவோ ஃபுருசாவா புது எஞ்சின்கள் தயாராக வைத்திருந்தார் என்பதெல்லாம் உண்மை. ஆனால் செபாங் சோதனையில் பல எஞ்சின்களை ஓட்டிப் பார்த்து, சீரற்ற வெடிப்பு வரிசை (சிலிண்டர்கள் சம இடைவெளியில் வெடிக்காத அமைப்பு) கொண்ட, சிலிண்டருக்கு நான்கு வால்வு எஞ்சினைத் தேர்ந்தெடுத்தவர் ரோஸி. எந்த எஞ்சின் டயரைக் காப்பாற்றும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்து உணர்வதும் ரைடரின் வேலைதான். பட்டியலில் இதற்குக் கட்டமே கிடையாது.

நீள்வளைவு:

ரொம்ப நன்றி. அப்ப மார்க்கெஸுக்கு இதே உரைகல்? 2019-ல அவர் 420 பாயிண்ட், ஹோண்டா டீம்மேட் ஹோர்ஹே லோரென்சோ 28. இதைவிடப் பெரிய இடைவெளி கிடையாதே?

ஈரத்தடம்:

டீம்மேட் கணக்கு ஏமாற்றும் என்று சொன்னதற்கு அதுதான் சரியான உதாரணம். லோரென்சோ முதுகெலும்பு முறிந்து நடுவில் சில பந்தயம் ஓட்டவே இல்லை. இன்னொன்று, அந்த ஹோண்டா வருஷா வருஷம் மார்க்கெஸின் கைக்கு ஏற்பவே செதுக்கப்பட்ட பைக். முன்டயரைக் கடைசி நுனிவரை தள்ளி, நழுவினால் முழங்கையாலும் முட்டியாலும் தூக்கி நிறுத்துகிறவருக்கு ஏற்றது, மற்றவர்கள் அதில் விழுந்தார்கள். அவருடைய இடைவெளியில் ஒரு பங்கு திறமை, ஒரு பங்கு அந்தப் பைக் அவர் அளவுக்குத் தைத்த சட்டை என்பது.

அதனால் 2019-ஐ விட 2024 எனக்குப் பெரிய சாட்சி. கிரெசினி அணி, ஒரு வருஷம் பழைய டுகாட்டி, யாரும் அவருக்காக வடிவமைக்காத பைக். அதே பழைய பைக்கில் அந்த வருஷம் நான்கு பேர் ஓட்டினார்கள். மார்க்கெஸ் 3 பந்தயம் ஜெயித்தார். மற்ற மூவருக்கும் சேர்த்து பூஜ்யம். அதுவும் வலது மேற்கை எலும்பு 2020 ஹெரெஸில் உடைந்து, நான்கு முறை அறுவை செய்துகொண்டு வந்தவர்.

பெரிய வகுப்பில் ரெண்டு கம்பெனி பைக்கில் பட்டம் எடுத்தவர்கள் மொத்தமே ஆறு பேர்: ஜெஃப் டியூக், அகோஸ்தினி, எடி லாசன், ரோஸி, ஸ்டோனர், மார்க்கெஸ். நான் எந்தப் பட்டியல் போட்டாலும் இந்த ஆறு பேரிலிருந்துதான் தொடங்குவேன். கூடவே ஹெயில்வுட், அவரை விட மனசு வராது. 500 சிசி பட்டம் எம்வியில் மட்டும்தான், ஆனால் மற்ற வகுப்புகளில் ஹோண்டாவிலும் சாம்பியன்.

லேப்சார்ட்:

பட்டம், வெற்றி எல்லாம் முடிவு. ஓட்டம் தெரியணும்னா லேப் தாளைத் திறக்கணும். பந்தயம் முடிஞ்சதும் ஒவ்வொரு லேப், நாலு செக்டர் (தடத்தோட நாலு பகுதி) நேரம், எந்த டயர்னு அதிகாரபூர்வமா வெளியிடறாங்க. படிக்கிற முறை:

முதல் லேப்பை எடுத்துடுங்க. லாங் லேப் தண்டனை (நீளமான பாதையில சுத்திப் போகணும்) வாங்கின லேப், மஞ்சள் கொடி லேப், ஒருத்தரை முந்தறதுக்காகப் பாதை விலகின லேப் எல்லாம் வெளியே. மீதியில சராசரி எடுக்காதீங்க, வரிசைப்படுத்தி நடு மதிப்பை எடுங்க. ஒரு தடவை அகலமாப் போனாலே சராசரி கெட்டுடும். அப்புறம் பந்தயத்தை மூணாப் பிரிச்சு, ஒரே பின்டயர் போட்ட, ஒரே மாடல் பைக்ல இருக்கிறவரோட மட்டும் ஒப்பிடுங்க. 22 லிட்டர் பெட்ரோல் எரிஞ்சு முடியறப்ப பைக் 16 கிலோ கிட்ட இலகுவாயிடும், ஆனாலும் பின்டயர் தேய்ஞ்சு நேரம் கூடும். கடைசி மூணுல ஒரு பங்குல யாருக்கு நேரம் குறைவாக் கூடுதோ அவர் டயரைப் பாதுகாத்தவர். மழைப் பந்தயத்தை இதோட கலக்காதீங்க.

தாள் மட்டும் படிச்சா தப்பாப் புரிஞ்சுக்கிற இடமும் உண்டு. 2025-ல தாய்லாந்தோட புரிராம்ல முன்னால போய்க்கிட்டிருந்த மார்க்கெஸ் ஏழாவது லேப்ல தம்பி அலெக்ஸுக்கு வழிவிட்டார். எண்ணை மட்டும் பார்த்தா வேகம் குறைஞ்சுதுன்னு நினைப்பீங்க. முன்டயர் காத்தழுத்தம் குறைஞ்சபட்சம் 1.8 பார் இருக்கணும், பந்தயத்துல 60 சதவீத லேப்பாவது அதுக்கு மேல ஓடலைன்னா 16 வினாடி தண்டனை. தனியா முன்னால போனா காத்து பட்டு டயர் குளிரும், அழுத்தம் இறங்கும். ஒருத்தர் பின்னாடி ஒட்டிப் போனா சூட்டுல ஏறும். அதுக்காகவே பின்னால உட்கார்ந்து, மூணு நாலு லேப் மிச்சமிருக்கப்ப திரும்ப முந்தி ஜெயிச்சார். ஆனா இதே சூடு அதிகமாயிட்டா முன்டயர் வீங்கி, பிரேக் பிடிக்கிறப்ப பூட்டிக்கும். அந்த நடுக்கோட்டுல 26 லேப் நிக்கிறது சின்ன வேலை இல்லை.

இன்னொரு விஷயம், 2023-லிருந்து வந்த சனிக்கிழமை ஸ்பிரிண்ட் (குறும்பந்தய) வெற்றிகள் கிராண்ட் பிரி வெற்றிக் கணக்குல சேராது. 2025 முடிவுல மார்க்கெஸுக்கு 99, ரோஸிக்கு 115ன்னு சொல்றது ஞாயிறு மட்டும். பாயிண்ட்டை மட்டும் காலம் தாண்டி ஒப்பிடவே வேண்டாம், முறை அத்தனை தடவை மாறியிருக்கு.

சின்ன வகுப்புப் பட்டத்தைத் தனி வரியில வைங்க, பெரிய வகுப்போட கூட்டாதீங்க. அது வேற கலை. 1999-ல எமிலியோ அல்சமோரா ஒரு பந்தயம்கூட ஜெயிக்காம 125 சிசி பட்டம் எடுத்தார், நிதானத்துக்குக் கிடைச்ச பட்டம். நியேட்டோவோட 90 வெற்றிக்கு அந்த வரியில முதல் இடம், அதுல எனக்குச் சந்தேகமே இல்லை.

நாலாம்கியர்:

காயத்தைப் பத்தி ஒண்ணு சேர்க்கணும், ஹோண்டாவுல ஓட்டின மிக் டூஹன் பேர் இன்னும் வரலை. 1992-ல முதல் 7 பந்தயத்துல 5 வெற்றி, ரெண்டு இரண்டாமிடம். அப்ப 20-15-12 முறை, 140-க்கு 130 வாங்கியிருந்தார். நெதர்லாந்தோட அசென் பயிற்சியில வலது கால் உடைஞ்சு, சிகிச்சை சிக்கலாகி, காலையே எடுக்க வேண்டிய நிலை. நாலு பந்தயம் போச்சு. நடக்கவே முடியாத நிலையில கடைசி ரெண்டுக்குத் திரும்பி வந்து 6 பாயிண்ட்தான் கிடைச்சது. சீசன் முடிவுல, பட்டம் வாங்கின வெய்ன் ரெய்னி 140, டூஹன் 136.

அந்த வலது கணுக்கால் அதுக்கப்புறம் சரியா மடங்கலை. வலது வளைவுல பைக் சாஞ்சிருக்கிறப்ப பின் பிரேக் பெடலை மிதிக்க முடியாது. அதனால இடது கைப்பிடியில கட்டைவிரலால அழுத்துற பின் பிரேக் லீவர் வச்சாங்க. அதை வச்சு 1994-லிருந்து 1998 வரை தொடர்ந்து 5 பட்டம். 1997-ல மட்டும் 15-க்கு 12 வெற்றி. நீங்க போடுற பட்டியல்ல அவருக்கு '5 பட்டம், 54 வெற்றி, ஒரே கம்பெனி'ன்னு வரும். பக்கத்துல 1992-ஐயும் எழுதிடுங்க.