பழைய மிரர் பாய்மரப் படகு: பெயிண்ட் அடிக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி:
இங்கிலாந்தில் வசிக்கிறேன். ஒருவருடைய தோட்டத்தில் பல ஆண்டுகளாகத் தார்ப்பாயின் கீழ்க் கிடந்த மிரர் வகைப் பாய்மரப் படகு ஒன்றை, இடத்தைக் காலி செய்தால் போதும் என்று எனக்குக் கொடுத்துவிட்டார்கள். சிவப்புப் பாய் கிழியாமல் இருக்கிறது. வெளிப்புறப் பெயிண்ட் செதில் செதிலாக உரிகிறது. உள்ளே வார்னிஷ் வெளுத்து, பலகையில் ஆங்காங்கே கருமை படர்ந்திருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு கோட் அடித்து, கோடைக்குள் ஏரியில் இறக்கிவிடலாமா? முழுவதும் எபாக்சி (இரண்டு திரவங்களைக் கலந்ததும் இறுகும் பிசின்) பூச வேண்டுமா?

பதில் 1:
பெயிண்ட் டப்பாவை இப்போது வாங்காதீர்கள். 1960களின் தொடக்கத்தில் ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னெல்லும் இந்தப் படகை வடிவமைத்தபோது, தச்சு வேலை பழகாதவரும் வீட்டிலேயே கட்டும்படி, மெல்லிய ப்ளைவுட் துண்டுகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளின் மேல் கண்ணாடியிழை நாடாவைப் பிசினால் ஒட்டும் முறையைக் கையாண்டார்கள். ஆகவே அந்த மூட்டுகளை முதலில் பாருங்கள். நாடாவின் ஓரம் நகத்துக்கு எழும்பி வந்தால், அதை உரித்துவிட்டு, நன்கு காய்ந்த பலகையின் மேல் எபாக்சியால் புது நாடா ஒட்டுங்கள். பழைய பாலியெஸ்டர் பிசின் மரத்தை அந்த அளவுக்குப் பிடிப்பதில்லை. வெப்பக் காற்றால் பெயிண்டை உரிப்பவர்கள் மூட்டுகளின் அருகே போகக் கூடாது, பிசின் இளகிவிடும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், சோதித்துப் பார்த்து, முகமூடி அணிந்து, நனைத்துத் தேய்ப்பதே நல்லது.

பதில் 2:
எனக்குக் கவலை தருவது அந்தக் கருமைதான். மரப்படகைக் கெடுப்பது கடல்நீரைவிட மழைநீரே. உப்பு பூஞ்சையை ஓரளவு தடுக்கும், மிதவை அறைக்குள் (படகு மூழ்காமல் தாங்கும் மூடிய காற்றறை) தேங்கும் நன்னீரோ அதை வளர்க்கும். திருப்புளியின் முனையால் பலகையைக் குத்திப் பாருங்கள். கெட்டியான மரம் முனையைத் தடுக்கும். இற்றுப்போனது சத்தமின்றி உள்வாங்கிக்கொள்ளும். இற்ற பகுதியை வெட்டியெடுத்து, தடிமனைப் போல் எட்டு மடங்கு சரிவாக இழைத்த ஓரங்களில் புதுத் துண்டை ஒட்ட வேண்டும், 5 மி.மீ. பலகைக்கு 40 மி.மீ. சரிவு.

முழுவதும் எபாக்சி பூசுவது உங்கள் படகுக்குத் தேவையில்லை என்பேன். ஈரப்பலகையில் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். ப்ரைமருக்கு மேல் சாதாரண எனாமலே போதும். கீறினால் அடுத்த ஆண்டு அந்த இடத்தை மட்டும் தேய்த்து அடிக்கலாம். எபாக்சி தொட்ட இடங்களில் காய்ந்தபின் மெழுகு போன்ற படலம் எழலாம், அதைத் தண்ணீரால் கழுவிவிட்டே தேய்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
அணியத்து (படகின் முன்பக்க) மிதவை அறையின் தக்கையைப் பிடுங்கியதும் தேநீர் நிறத் தண்ணீர் வழிந்தது. அதன் அடியில், கையகல இடத்தில், திருப்புளி மறுபக்கமே போய்விட்டது. படகைக் கொட்டகைக்குள் கொண்டுபோய்க் காயவிட்டிருக்கிறேன். எதுவரை வெட்டுவது?

பதில் 2:
வெளிறிய, கெட்டியான மரம் தெரியும்வரை. அதற்கப்பால் இன்னும் இரண்டு அங்குலம். வெட்டுவது முழுவதும் காய்ந்த பிறகுதான், இந்தக் கோடையை மறந்துவிடுங்கள்.