மலை ரயிலில் காணாமற்போன நூறு மீட்டர்

மலைரயில் பயணி:
சென்ற ஏப்ரலில் மலை ரயிலில் உதகைக்குச் சென்றபோது, காற்றழுத்தத்தை அளக்கும் பி.எம்.பி. 280 சென்சார் ஒன்றைச் சிறு பலகையில் பொருத்தி உடன் எடுத்துச் சென்றேன். காலை ஏழு மணிக்கு மேட்டுப்பாளையத்தில் அது 973 ஹெக்டோபாஸ்கல் காட்டியது. நண்பகலில் உதகை நடைமேடையில் இறங்கியபோது 784. சென்சாருக்கென இணையத்தில் கிடைக்கும் வழக்கமான நிரல், இவ்விரண்டையும் உயரமாக மாற்றிக் கழித்துத் தந்த விடை 1770 மீட்டர். இரு நிலையங்களுக்கும் இடையிலான உயர வேறுபாடோ ஏறத்தாழ 1870 மீட்டர். சென்சார் பழுது என்றே முதலில் நினைத்தேன்.

பழுது சென்சாரில் இல்லை. கடல் மட்டத்தில் 15 பாகை செல்சியஸ், மேலே செல்லச் செல்லக் கிலோமீட்டருக்கு 6.5 பாகை குறைவு என்னும் திட்ட வளிமண்டலத்தை அந்த நிரல் அப்படியே எடுத்துக்கொள்கிறது. அதன் கணக்கில் உதகையின் வெப்பநிலை ஏறத்தாழ 1 பாகைதான்; நான் இறங்கியபோது அங்கே 20 பாகை, கீழே புறப்பட்டபோது 26. வெப்பமான காற்று விரிந்து அடர்த்தி குறைந்திருப்பதால், அழுத்தம் அதே அளவு குறைவதற்கு இன்னும் கூடுதலாக ஏற வேண்டியிருக்கிறது. எனவே சராசரி வெப்பநிலையான 23 பாகையை 296 கெல்வின் ஆக்கி, 29.27 என்னும் மாறிலியாலும் (காற்றின் வாயு மாறிலியைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தது), இரு அழுத்தங்களின் விகிதத்துக்குரிய இயல் மடக்கையான 0.216 ஆலும் பெருக்கினேன். விடை 1871 மீட்டர்.

இவ்வளவு நெருக்கத்தில் தற்செயலுக்கும் பங்குண்டு. நம்முடைய வெப்பமண்டலத்தில் அழுத்தம் நாள்தோறும் காலை, இரவு பத்து மணியளவில் உச்சத்தையும், மாலை, அதிகாலை நான்கு மணியளவில் தாழ்வையும் தொடுகிறது. மறுநாள் விடுதி மேசையில் அசையாமல் கிடந்த அதே சென்சார், காலை பத்திலிருந்து மாலை நான்குக்குள் இருபது மீட்டருக்கு மேல் "ஏறிவிட்டது". அன்று முதல், இந்த மாற்றத்தைக் கழித்துவிடுவதற்காக, தொடங்கும் இடத்தில் ஒரு சென்சாரை விட்டுவிட்டு, மற்றொன்றைக் கையில் கொண்டுசெல்கிறேன்.

அடையாறுவாசி:
ஐயா கூறும் நாள்தோறும் நிகழும் ஏற்ற இறக்கம் சிறியது. புயல் நாளில் நடப்பது வேறு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்தபோது, நான் முதல் மாடியில் அமர்ந்திருந்தேன்; காற்றழுத்தத்தைக் கொண்டு உயரம் சொல்லும் என் கைக்கடிகாரமோ நான் நூறு மீட்டருக்கு மேல் ஏறிவிட்டதாகக் காட்டியது. கடல் மட்டத்தருகே ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கருவி ஏறத்தாழ எட்டு மீட்டர் கூட்டிச் சொல்லும் என்பதை அன்றுதான் கணக்கிட்டுப் பார்த்தேன். புயலின் மையம் விலகியதும், படியொன்றும் இறங்காமலேயே மெல்ல மெல்லக் கீழே வந்து சேர்ந்தேன்.