எல்லிசனின் 'இன்விசிபிள் மேன்': அந்தக் கிழங்கு வர்ற இடம்

தாழ்வாரம்:
மூணு வாரமா ரால்ஃப் எல்லிசனோட 'இன்விசிபிள் மேன்' படிச்சிட்டிருக்கேன். 1952ல வந்த நாவல். கதை சொல்றது அமெரிக்காவோட தெற்குலேர்ந்து வந்த ஒரு கறுப்பினப் பையன், அவன் பேரே இன்னும் தெரியல. நியூயார்க்கோட ஹார்லெம் பகுதியில, கடுங்குளிர்ல, ஒரு வயசானவர் தள்ளுவண்டியில சர்க்கரைவள்ளிக்கிழங்கு சுட்டு விக்கிறார். பத்து சென்ட். வெண்ணெய் உருக உருக இவன் தெருவுல நடந்துகிட்டே சாப்பிடுறான். அங்க எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஒரு கிழங்குல இவனுக்கு அப்படி என்ன விடுதலை கிடைச்சிடுது? (முடிவைச் சொல்லிடாதீங்க.)

இரவுவாசிப்பு:
கொஞ்சம் பின்னாடி புரட்டிப் பாருங்க. நியூயார்க் வந்த புதுசுல ஒரு கடையில, பன்றிக்கறியும் கிரிட்ஸும் (தெற்கத்திச் சோளக்கஞ்சி) இருக்கு, வேணுமான்னு கேப்பாங்க. முகத்தைப் பாத்தே தெற்கத்திக்காரன்னு கண்டுபிடிச்சிட்டாங்களேன்னு சுருக்குன்னு தைக்கும். ஆரஞ்சு ஜூஸ், டோஸ்ட், காபி போதும்னுடுவான். ஊர்ச் சாப்பாட்டை மறைச்சாத்தான் பெரிய மனுஷனாக முடியும்னு நம்பினவன் அவன். அதே ஆள் இப்ப யார் பாத்தா என்னன்னு தின்னுகிட்டே நடக்கிறான். நான் மூணு தடவை படிச்சிட்டேன், ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கத்துல நின்னுடுவேன்.

மேற்குமலை:
ஆனா கடைசிக் கிழங்கைக் கடிச்சதும் கசக்கும், பனியில கெட்டுப்போனது. தூக்கி எறிஞ்சிடுவான். எனக்கு முக்கியமாப் படுறது அதுதான். ஊர்ச் சாப்பாடு ஒண்ணு மட்டும் போதும்னு எல்லிசன் ஏமாத்தல.
அந்தத் தோல் பையையும் கவனிச்சிட்டே வாங்க. ஊர்ல வெள்ளைக்காரப் பெரிய மனுஷங்க கறுப்பினப் பையன்களைக் கண்ணைக் கட்டி அடிச்சுக்க விட்டு, கரண்ட் பாயுற விரிப்புல காசு பொறுக்க வெச்ச அதே ராத்திரி பரிசாத் தந்த பை. உள்ள காலேஜ் உதவித்தொகைக் காகிதம். பின்னாடி கல்லூரித் தலைவர் கொடுத்த ஏழு கடிதமும் அதே மாதிரிதான், சிபாரிசுன்னு நம்பித் தன் கையாலேயே சுமந்துட்டுப் போறான். இவனுக்கு இடம் தர்றேன்னு சொல்ற ஒவ்வொருத்தரும் முதல்ல நீட்டுறது ஒரு காகிதம். கிழங்கு மட்டும்தான் அவனே காசு கொடுத்து வாங்கினது.

தாழ்வாரம்:
நேத்து ராத்திரி அடுத்த பக்கங்களைப் படிச்சேன். ஒரு வயசான தம்பதியோட சாமான்களையெல்லாம் தெருவுல தூக்கிப் போடுறாங்க. பனியில கிடந்த ஒரு காகிதத்தை இவன் எடுக்கிறான். அந்த வயசானவர் ப்ரைமஸ் ப்ரோவோவை அடிமைத்தனத்துல இருந்து விடுவிச்ச சீட்டு, 1859 ஆகஸ்ட் 6. அது எப்பவோ நடந்ததுன்னு தனக்குத்தானே சொல்லிக்கிறான், அப்படி இல்லன்னு அவனுக்கே தெரியுது. மேற்குமலை, நீங்க சொன்ன காகிதம் ஞாபகம் வந்துச்சு. ஆனா இது யாரும் நீட்டினது இல்ல, குனிஞ்சு அவனே எடுத்தது. புத்தகத்தை அந்த இடத்துலயே மூடி வெச்சிருக்கேன்.