டாக்கர்: ஒரு புள்ளி திருத்தினாலும் 9 நிமிட பில்ட்

கேள்வி:
மாமாவின் அரிசி மண்டிக்கு ஃபிளாஸ்கில் (பைதான் வெப் ஃபிரேம்வொர்க்) ஒரு பில் ஆப் எழுதி, டாக்கரில் (ஆப்பையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒரே இமேஜாகக் கட்டி, கன்டெய்னராக ஓட்டும் கருவி) ஓட்டுகிறேன். வீசிபிரிண்ட் என்ற பைதான் பேக்கேஜ் வைத்து பிடிஎஃப் எடுக்கிறது. இமேஜ் கட்டும் படிகளைச் சொல்லும் டாக்கர்ஃபைல் இப்படி: ஃப்ரம் பைதான் 3.12, அடுத்து மொத்த ஃபோல்டரும் காப்பி, அப்புறம் ஆப்ட் (சிஸ்டம் பேக்கேஜ்களுக்கு), பிப் (பைதான் பேக்கேஜ்களுக்கு) இன்ஸ்டால், கடைசியில் ஆப்ட் மிச்சங்களை அழிக்கத் தனியாக ஒரு ரன் கட்டளை. 'பொன்னி'யில் விட்டுப்போன புள்ளியை வைத்தால்கூட பிப் எல்லாவற்றையும் முதலிலிருந்து இறக்குகிறது. வீட்டில் நெட் என்றால் போன் ஹாட்ஸ்பாட்தான். தினம் 2 ஜிபி, காலை 11 மணிக்கே காலி. இமேஜ் 1.7 ஜிபி. போதாக்குறைக்கு, லேப்டாப்பில் ஒழுங்காக வரும் தமிழ் பில் கன்டெய்னருக்குள் கட்டம் கட்டமாக வருகிறது. ஆல்பைன் என்ற சின்ன லினக்ஸ் இமேஜுக்கு மாறினால் சரியாகுமா?

பதில் 1:
தம்பி, வரிசைதான் தப்பு. காப்பி, ரன் ஒவ்வொன்றும் இமேஜில் ஒரு லேயர் (அடுக்கு). ஒன்று மாறினால் அதற்குக் கீழே இருக்கும் எதற்கும் பழைய கேஷ் (முந்தைய பில்டில் சேமித்தது) செல்லாது. ஆப்ட் வரி மேலே போகட்டும். பைதான் பேக்கேஜ் பட்டியலான ரெக்வயர்மெண்ட்ஸ் ஃபைலை மட்டும் காப்பி செய்து பிப் ஓட்டுங்கள், ஆப்பின் கோடு (code) அதற்குப் பிறகு வரட்டும். கடைசியில் அழிக்கும் ரன்னால் ஒரு எம்பிகூடக் குறையாது. மேலே மறைகிறதே தவிர கீழ் லேயரில் அப்படியே கிடக்கும். எந்த ரன்னில் நிறுவுகிறீர்களோ அதே ரன்னில் அழிக்க வேண்டும்.

காப்பியில் எதையெல்லாம் விட வேண்டும் என்று சொல்லும் டாக்கர்இக்னோர் ஃபைல் இருக்கிறதா? இல்லையென்றால் வென்வ் (லேப்டாப்பில் பைதான் பேக்கேஜ்கள் இருக்கும் ஃபோல்டர்), கிட் (கோடின் பழைய பதிப்புகள்) எல்லாம் உள்ளே போயிருக்கும். கடவுச்சொல் இருந்த ஃபைலையே இமேஜில் ஏற்றி அனுப்பியவன் நான், அதனால் கேட்கிறேன்.

பதில் 2:
ஆல்பைன் வேண்டாம். அதில் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சி கிடையாது, அதற்குப் பதில் மஸல்தான். மஸலுக்கென்று வீல் (முன்பே கம்பைல் செய்த ஃபைல்) போடாத பேக்கேஜ் ஏதாவது இருந்தால் பிப் அங்கேயே கம்பைல் செய்ய உட்கார்ந்துவிடும். அப்புறம் இந்த 9 நிமிடமே தேவலை என்பீர்கள். பைதான் இமேஜின் சின்ன டெபியன் வடிவமான ஸ்லிம் எடுத்து, ஆப்ட் வரியில் பாங்கோவை (எழுத்துகளை அடுக்க வீசிபிரிண்டுக்குத் தேவையான லைப்ரரி) சேருங்கள்.

கட்டம் வருவதற்கும் ஆல்பைனுக்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் லேப்டாப்பில் தமிழ் ஃபான்ட் இருக்கிறது, இமேஜில் இல்லை, அவ்வளவுதான். டெபியனில் லோஹித் தமிழ் ஃபான்ட்டுக்குத் தனி பேக்கேஜ் உண்டு. அதையும் அதே வரியில் போடுங்கள்.

கேட்டவர்:
வென்வ் உள்ளேதான் இருந்திருக்கிறது, வெட்கம். ஸ்லிமுக்கு மாறியதும் 410 எம்பி. தமிழும் வந்துவிட்டது. மாமா பில்லைப் பார்த்துவிட்டு எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னார். மாற்றி பில்ட் போட்டேன், 6 நொடி.